ஒற்றுக்கு ஒரு தட்டு

எட்டு மாதமாக என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் இசையமைத்துக்கொண்டிருந்தார். அந்த எட்டு மாதத்தில் ஒரு 'ச' கூட வரவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே, "இனிமே நான் பாட்டுப் போடப் போறேன்" என்று அறிவித்துவிட்டார். எப்போதும் வாய்க்குள் ஏதாவது ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும் மனிதர். பல் துலக்கும்போதுகூட நுரையோடு முனகுவார். ஆசைப்படுகிறார், போட்டுத்தான் பார்க்கட்டுமே என்று நானும் தலையாட்டினேன். என் தம்பி தன்னிடமிருந்த பழைய கம்ப்யூட்டரையும் கையகலத்துக்கு ஒரு கீபோர்டையும் ஒரு மைக்கையும் கொண்டுவந்து, இசையமைக்கும் மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தான். "மெனு எல்லாம் தமிழ்லயே இருக்குக்கா, மாமாவுக்கு வசதியா இருக்கும்" என்றான் அந்த அப்பாவி.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. திரையில் முதல் வரியே "புதிய கோப்பை திற" என்றிருந்தது. இடையில் 'த்' இல்லை. இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"கோப்பையை எதுக்குத் தொறக்கணும்? கோப்பைக்கு மூடியே கிடையாதே."

"அது ஃபைலைச் சொல்றான். அமுக்குங்க, தொறக்கும்."

"தப்பா இருக்கறத எப்படிம்மா அமுக்கறது?"

அமுக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த மென்பொருளின் மெனு முழுவதையும் படித்து, அறுபத்து மூன்று பிழைகளைப் பட்டியலிட்டு, அந்தக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். "தங்கள் கடிதம் கிடைக்கப்பட்டது" என்று பதில் வந்தது. 'கிடைக்கப்பட்டது' என்று ஒரு சொல்லே கிடையாது என்று அதற்கும் ஒரு கடிதம் போனது. அதற்குப் பிறகு அவர்கள் வாயே திறக்கவில்லை. புத்திசாலிகள்.

இவருடைய வேலை பிழை திருத்துவது. ஒரு அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம். அச்சகத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, சாய்வாக ஒரு மேசை, கழுத்து வளைந்த ஒரு விளக்கு, சிவப்பு மைப் பேனா. பள்ளிப் புத்தகம், பத்திரிகை, மருந்து டப்பாவில் வைக்கும் மடிப்புக் காகிதம் என்று எது அச்சுக்குப் போனாலும் இவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இவருக்குப் பெயரே 'சிவப்பு மை'தான். வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் திருத்துவார். ஷாம்பு பாட்டிலைத் திருத்துவார். கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரே ஒரு கடிதத்தை என்ன செய்தார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. திட்டிவிட்டுச் சிரித்துவிடுவேன். சிரிக்க முடியாத ஆள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். எங்கள் மகள்.

ஒன்பது வயதில் அவள் ஒரு கதை எழுதினாள். நான்கு பக்கம். அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய்க் கொடுத்தாள். இவர் உட்கார்ந்து, அக்கறையாக, ஒரு வரி விடாமல் படித்தார். பாசம் இல்லாத மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்த பாசம் அதுதான். நான்கு பக்கமும் சிவப்பாகத் திரும்பி வந்தது. கடைசியில் "41 பிழைகள். கையெழுத்து நன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றோடு சரி, தான் எழுதிய ஒரு வரியைக்கூட அவரிடம் காட்டியதில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. வேறு ஊரில் குழந்தைகள் நூலகம் ஒன்றில் வேலை. வாரம் ஒரு கதை எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, பிள்ளைகள் கேட்க இணையத்தில் போடுகிறாள். நான் ஒன்று விடாமல் கேட்பேன். இவர் கேட்டதில்லை. அவளாக அனுப்பவில்லை, இவராகக் கேட்கவில்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. போன் வந்தால், "அப்பா நல்லா இருக்காரா?" என்பாள். "இருக்காரு. பேசறியா?" என்பேன். "பரவால்லம்மா, கேட்டேன்னு சொல்லு." வைத்ததும் இவர், "என்ன சொன்னா?" என்பார். இத்தனை வருடமாக இருவருக்கும் நடுவில் சம்பளம் இல்லாத தபால்காரி நான்தான்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவருடைய கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அம்மா, அப்பா ஏதோ மியூசிக் பண்றாராமே. மாமா சொன்னாரு."

"பண்றாரு, பண்றாரு."

"என் கதைங்களுக்கு ஆரம்பத்துல போட ஒரு மியூசிக் வேணும். நாப்பது செகண்டு போதும். அவர்கிட்ட கேட்டுப் பாக்கறியா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு வேகமாகச் சொன்னாள். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். முடியலன்னா பரவால்லம்மா, நெட்ல ரெடிமேடா நெறைய கெடைக்குது."

என் கையிலிருந்த திருகாணி நழுவி மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. கண்ணாடிக்குச் சொந்தக்காரரால் தேட முடியாது, அவருக்குக் கண்ணாடி இல்லை. நான் மண்டியிட்டுத் தேடினேன். தரை மங்கலாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து என் மகள் தன் அப்பாவிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். இதையும் இவர் கோட்டை விட்டால் அவள் கோபப்பட மாட்டாள். "பரவால்லம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்கிட்டயா கேட்டா?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டா. நான்தான் மாத்திச் சொல்றேன்."

எழுந்து குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டதாம். சோப்பு தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சரி, இனிமேல் மனிதர் பறப்பார் என்று நினைத்தேன். கேளுங்கள் கூத்தை. திங்கட்கிழமை முழுவதும் அகராதியைப் புரட்டினார். "இன்ஸ்பிரேஷன் வந்தாத்தான் ஆரம்பிக்க முடியும். அதுக்குத் தமிழ்ல சரியான வார்த்தை என்னன்னு பாத்துட்டு இருக்கேன்" என்றார். உந்துதலா, ஊக்கமா, அகத்தூண்டலா என்று மாலை வரைக்கும் விவாதம். வார்த்தை சரியாக இல்லாவிட்டால் அது வராதாம். செவ்வாய்க்கிழமை நாற்காலி உயரம் சரியில்லை என்று நான்கு கால்களுக்கும் அட்டை வெட்டி வைத்தார். புதன்கிழமை, வெளிக்காற்றில்தான் இசை தோன்றும் என்று எங்கோ படித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு பூங்காவுக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். "பூக்களை பறிக்காதீர் – 'ப்' இல்லை. குப்பை தொட்டி – 'த்' இல்லை" என்று எழுதியிருந்தது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நாப்பது செகண்டுங்க. வெறும் நாப்பது செகண்டு. அடுப்புல பால் பொங்கறதுக்கே அதைவிட நேரம் ஆகும். அந்தப் பொண்ணு வாயத் தொறந்து கேட்டிருக்கா. இங்க நீங்க குப்பைத் தொட்டிக்கு இலக்கணம் பாத்துட்டு வர்றீங்க."

பதில் பேசுவார், நானும் நன்றாக நான்கு வார்த்தை கேட்கலாம் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாக அந்த அட்டை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்கும்மா" என்றார். "நான் எதையும் ஆரம்பிச்சதே இல்ல. யாரோ எழுதி வச்சது என் மேசைக்கு வரும், நான் பாப்பேன். முப்பத்தெட்டு வருஷம் அதுதான். அந்தத் திரை வெறுமனே இருக்கு. அதுல எதைப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அந்த மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் பாவப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சனிக்கிழமை நிற்குமா என்ன?

"அப்ப யாராவது எழுதினது ஒண்ணு வேணும். அவ்வளவுதானே?" என்றேன்.

மகளுக்குப் போன் போட்டு, அப்பா கதையைப் பார்க்க வேண்டும் என்கிறார், அனுப்பு என்றேன். "மியூசிக்குக்கா, இல்ல..." என்று இழுத்தாள். "மியூசிக்குக்குத்தான். பேனாவை நான் பாத்துக்கறேன்" என்றேன். வியாழக்கிழமை காலை கதை வந்தது. கடையிலேயே அச்செடுத்து, மூன்று பக்கத்தையும் மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசையில் வைத்ததுதான் தாமதம், இவருடைய வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மூளை சொல்லிப் போகவில்லை, பாவம், கைக்கு அதுதான் பழக்கம். நான் பாய்ந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பேனாவைத் தொட்டீங்க, நான் என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்."

"தொடாம எப்படிப் படிக்கறது?"

"நீங்க படிக்கவே வேணாம். கண்ணை மூடிட்டு உக்காருங்க. நான் படிக்கறேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அச்சகத்தில் பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் அச்சான தாளில் சரிபார்ப்பார். வேலை அதிகமானால் இவர் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்போது படிக்கும் ஆள் நான். சும்மா படித்தால் போதாது. ஒவ்வொரு கமாவையும் 'கமா' என்றே வாயால் சொல்ல வேண்டும். முற்றுப்புள்ளிக்கு 'முற்று'. பத்தி முடிந்தால் 'பாரா'. இரண்டு வார்த்தைக்கு நடுவில் வருகிற ஒற்றெழுத்துக்கு ஒவ்வொரு முறையும் 'இக்கன்னா போட்டிருக்கு, இப்பன்னா போட்டிருக்கு' என்று சொல்லி என் வாய் வலித்துப்போய், கடைசியில் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒற்று வந்தால் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு. எத்தனையோ மாலைகள் அப்படிப் போயிருக்கின்றன. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பல தடவை கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒழுங்காக, கதை மாதிரித்தான் படிக்க நினைத்தேன். எங்கே? வாயைத் திறந்ததும் பழைய ராகம்தான் வந்தது.

"ஒரு கட்டெறும்புக்கு ஒரு நாள் சலிப்பு வந்தது முற்று. வரிசையில் போய்ப்" என்று ஒரு தட்டு, "போய்க்" என்று ஒரு தட்டு, "கால் வலித்தது முற்று. அது கமா நடு வழியில் கமா திரும்பி நின்றது முற்று. பின்னால் வந்த எறும்புக்குத்" தட்டு, "தலை இடித்தது முற்று பாரா."

கமாவில் குரல் மேலே ஏறும், முற்றில் கீழே இறங்கும். அது பாட்டுக்கு வரும், நான் என்ன செய்வேன்? இரண்டாவது பக்கம் படிக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காகிதத்தில் ஒற்றே இல்லை. "போய் போய் கால்" என்றுதான் இருந்தது. "எறும்புக்கு தலை" என்றுதான் இருந்தது. என் பெண் ஒரு இடத்திலும் போடவில்லை. வருடக்கணக்கில் தட்டித் தட்டிப் பழகிய என் விரல் முட்டி, எங்கே வர வேண்டுமோ அங்கே தானாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. எனக்குத் திக்கென்றது. இவரோ கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"நல்லா எழுதியிருக்கா. ஒரு ஒற்றுகூட விடல."

நான் கம்மென்று இருந்துவிட்டேன். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய பொய்க்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மூன்றாவது பக்கத்தில் இவர் முனக ஆரம்பித்தார். முதலில் கூடவே, பிறகு என் குரலுக்கு மேலே. நான் 'முற்று' என்று இறங்கும் இடத்தில் இவர் இறங்காமல் அங்கேயே நின்று கொஞ்சம் அசைந்து பார்த்தார். "திரும்பப் படி" என்றார். படித்தேன். "முதல்லேந்து படி" என்றார். படித்தேன். ஐந்தாவது முறை படிக்கும்போது எழுந்துபோய், மைக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "புதிய கோப்பை திற" என்ற அந்தப் பொத்தானை அமுக்கினார். அதில் 'த்' இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூட இல்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும்.

என் தட்டுகளை மட்டும் எடுத்துத் தாளமாக வைத்துக்கொண்டார். கமா ஏறும் இடத்தையும் முற்று இறங்கும் இடத்தையும் கீபோர்டில் ஒற்றை விரலால் தேடித் தேடி வாசித்தார். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு நாற்பத்து நான்கு செகண்டு இருந்தது. எறும்பு ஒன்று வரிசையை விட்டு விலகி, தனக்குத் தோன்றிய பக்கம் நடக்கிற மாதிரி ஒரு மெட்டு. கொஞ்சம் நொண்டும். நொண்டுவதுதான் அழகு. நான் காய் நறுக்குவதை விட்டுவிட்டு மூன்று முறை கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அனுப்பிடுங்க" என்றேன்.

"ஒரு தடவை பாத்துட்டு அனுப்பறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மனிதர் 'ஒரு தடவை' பார்த்திருக்கிறார். அந்த மென்பொருளில் 'சீராக்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. முன்னே பின்னே விழுந்த ஒலியை எல்லாம் பிடித்து இழுத்துக் கட்டத்துக்குள் நேராக நிறுத்திவிடும். இவருக்கு அது போதாதா? அமுக்கியிருக்கிறார். அப்புறமும் துருத்திக்கொண்டு நின்ற தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்திருக்கிறார். நான் மாலையில் வந்தபோது மெட்டு சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரித் தரை மாதிரி. அதில் எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

இவர் முகம் செத்திருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நேத்தே அனுப்பச் சொன்னேனே" என்றேன். "நாளைக்கு மத்தியானம் அவ நெட்லேந்து எதையோ எடுத்துப் போட்டுக்குவா. அதோட முடிஞ்சுது. உங்களுக்குத் திருப்திதானே?"

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியல" என்றார். பிழை திருத்துகிறவருக்குச் சந்தேகம் வந்தால் ஒன்றைத்தான் செய்வார். மூலப் பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். நான் எங்கே ஒளித்து வைப்பேன் என்று தெரியாதா அவருக்கு? பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் பக்கத்தைப் படித்தார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

"இதுல ஒற்றே இல்லையே. நீ தட்டினதெல்லாம்?"

"நானாத் தட்டினது" என்றேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அவ ஒண்ணுகூடப் போடல. இப்ப திருத்தப் போறீங்களா?"

காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். போய் போய். எறும்புக்கு தலை. நடக்க கற்றது.

"அவ விட்ட எடத்துலெல்லாம் நீ ஒரு இம்மி தயங்கித் தட்டியிருக்க" என்றார் மெதுவாக. "அந்தத் தட்டுதான் பாட்டுக்குத் தாளம். அவ எல்லாத்தையும் சரியாப் போட்டிருந்தா நீ தயங்காம ஓடியிருப்ப, இந்த நொண்டலே வந்திருக்காது. அவ தப்புதான் எனக்குப் பாட்டா கேட்டிருக்கு. அதைப்போய் நான் அழிச்சு வச்சிருக்கேன்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். பிழை திருத்தும்போது சரியாக இருப்பதையே தவறு என்று அடித்துவிட்டால், அடித்ததற்குக் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டுமாம். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று அச்சுக் கோப்பவருக்கு அர்த்தம். "முப்பத்தெட்டு வருஷத்துல நான் அதை ஒரு தடவைகூட எழுதினது இல்ல" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை.

செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கும் பொத்தானை அமுக்க ஆரம்பித்தார். ஒரு முறை அமுக்கினால் ஒரு திருத்தம் போகும். காலையிலிருந்து செய்த திருத்தம் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் "இருக்கட்டும்" என்றார். சோறு வடித்து, துவையல் அரைத்து, நான் தட்டு வைக்கும் வரைக்கும் உள்ளேயிருந்து இருக்கட்டும், இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எறும்பு திரும்பி வந்தது, அதே நொண்டலோடு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நான் பக்கத்தில் காவல் நிற்க, அனுப்பினார். கூட ஒரு வரி எழுதலாமா என்று கேட்டார். "எழுதினா அதையும் நாலு தடவை திருத்துவீங்க, சும்மா அனுப்புங்க" என்றேன்.

பத்து மணி. பதினொன்று. பதில் இல்லை. இவர் நாற்காலிக் காலுக்கு அடியிலிருந்த அட்டைகளை எடுத்தார், மறுபடி வைத்தார். நான் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, துடைத்த அடுப்பையே துடைத்தேன். பதினொன்றரைக்கு வந்தது. அவர் அனுப்பிய பாட்டேதான், ஆனால் அளவு குறைந்திருந்தது. கூட இரண்டு வரி: "அப்பா, கடைசி எட்டு செகண்டு வேண்டாம் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். நடுவில் ஒரு இடத்தை மாற்றி இருக்கிறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. அடிப் பாவி, நேரே போய்ச் சொருகினாயே என்று மனசுக்குள் திட்டினேன். இந்த மனிதரை யாரும் இதுவரை திருத்தியதில்லை. ஒருமுறை அச்சக முதலாளியே திருத்தப் பார்த்து, அகராதியோடு மல்லுக்கு நின்று தோற்றுப்போனார். இவர் அதைப் போட்டுக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது நெற்றியைச் சுருக்கினார். பிறகு கையை நீட்டி, "உன் போனைக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"குடேன்."

கொடுத்தேன். நம்பரை அவரே போட்டார். அந்தப் பக்கம், "சொல்லும்மா" என்று கேட்டது.

"நான் அப்பா பேசறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேட்டேன். எட்டு செகண்டு எதுக்கு எடுத்த?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசினாள். இவர் மறுத்தார். அவள் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவள் குரல் உயர்ந்து, "இல்லப்பா, நீங்க சொல்றது தப்பு" என்பது எனக்கே தெளிவாகக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரிதான்" என்றார் இவர். "நீ சொல்றதுதான் சரி. எடுத்ததுதான் நல்லா இருக்கு."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. எனக்குக் கிடைக்காதது என் மகளுக்குக் கிடைத்துவிட்டதே என்று ஒரு நிமிடம் பொறாமையாகக்கூட இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பாட்டுப் பேச்சு முடிந்தும் இவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இருவருக்கும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதற்கு அவர்களுக்குப் பழக்கமில்லை. அப்புறம் அவள் ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. "சொல்லு, கேக்கறேன்" என்று இவர் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அவள் ஒரு கதை படித்தாள். புதுசு, எனக்கே தெரியாத கதை. காகிதமும் பேனாவும் இல்லாமல், வெறும் காதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே "ம்" என்றார். ஒரு இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். அவள் நிறுத்தியதும் குழந்தை மாதிரி, "அப்புறம்?" என்றார்.

அவள் ஏதோ சொன்னாள். இவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிச்சத்த இன்னும் எழுதலையாம்" என்றார். "எழுதினதும் மொதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டுவாளாம்."